சோலோ 401(கே) வைத்திருக்கும் தனித்தொழில்காரர்களுக்கு: ஈ.ஐ.என். வாங்குவது முதல் 5500-ஈஸீ அனுப்புவது வரை

அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அனுப்பிய கடிதம் ஒன்று ஒரு குளிர்கால மாலையில் என் தபால்பெட்டியில் கிடந்தது. ஊழியர் இல்லாத தொழில்காரர் தனக்கே வைத்துக்கொள்ளும் ஓய்வூதியத் திட்டம்தான் சோலோ 401(கே). என்னுடைய அந்தத் திட்டத்துக்கான வருடாந்தர ரிட்டர்ன், அதாவது 5500-ஈஸீ படிவம், வந்து சேரவில்லை, ஏன் என்று கேட்டிருந்தார்கள். நான் ஜூலையிலேயே அனுப்பியாகிவிட்டது. சான்றிதழ் தபால் ரசீது, அவர்கள் பெற்றுக்கொண்டதற்கான பச்சை அட்டை எல்லாம் கையில் இருந்தன. சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. படிவத்தின் 2பி கட்டத்தில் என் தொழிலுக்கான ஈ.ஐ.என். (ஐ.ஆர்.எஸ். தரும் அடையாள எண்) இருக்க வேண்டும். நான் எழுதியிருந்தது திட்டத்தின் பணத்தை வைத்திருக்கும் ட்ரஸ்டுக்கு (அறக்கட்டளைக்கு) வாங்கிய ஈ.ஐ.என். இரண்டு எண்களுக்கும் வந்த கடிதங்களை ஒரே கோப்பில், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தேன். இரண்டும் ஒரே மாதிரித் தாள், ஒரே மாதிரி ஒன்பது இலக்கம். மேலே இருந்ததைப் பார்த்து எழுதிவிட்டேன்.

அதைச் சரிசெய்ய ஐந்து மாதம் பிடித்தது. அபராதம் விழவில்லை. ஆனால் அந்த ஐந்து மாதமும் தபால்பெட்டியைத் திறக்கவே பயந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காக, முதல் நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

இது யாருக்கு என்றால்: அமெரிக்காவில் 1099-இல் (சம்பளமாக அல்லாமல் தொழில் வருமானமாக) சம்பாதித்து, 1040 என்ற தனிநபர் வரிப் படிவத்துடன் தொழில் கணக்கான ஷெட்யூல் சி இணைத்து வரி கட்டுபவர்கள், கணவன் அல்லது மனைவி தவிர வேறு ஊழியர் இல்லாதவர்கள், சோலோ 401(கே) தொடங்கியிருப்பவர்கள் அல்லது தொடங்க நினைப்பவர்கள். எச்-4 விசாவில் வந்து இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்யும் பெண்கள் நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். கார்ப்பரேஷன், எஸ்-கார்ப், கூட்டாளித் தொழில் வைத்திருப்பவர்களுக்கு விதிகள் கொஞ்சம் மாறும். நான் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்) அல்ல. சிக்கலான நிலைமை என்றால் ஒரு சி.பி.ஏ.விடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசிவிடுங்கள்.

1. ஈ.ஐ.என். தேவையா என்று முதலில் பாருங்கள்

ஊழியர் இல்லாத தனித்தொழில்காரருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணே போதும். ஷெட்யூல் சி-யில் 'டி' கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் வரி கட்டலாம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் டபிள்யூ-9 படிவத்திலும் சோஷியல் எண்ணையே எழுதலாம். 'தொழில் என்று வந்தாலே ஈ.ஐ.என். வேண்டும்' என்று பலர் சொல்வார்கள், அது சரியல்ல.

தகுதிபெற்ற ஓய்வூதியத் திட்டம் ஒன்றை வைத்துக்கொண்டால் நிலைமை மாறிவிடுகிறது. சோலோ 401(கே) அந்த வகையில் வருகிறது. அதற்கான வருடாந்தர ரிட்டர்னான 5500-ஈஸீ படிவத்தில் சோஷியல் எண்ணை எழுதக்கூடாது என்று அறிவுறுத்தலிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே திட்டம் தொடங்குகிற அன்றே ஈ.ஐ.என். கையில் இருக்க வேண்டும். ரிட்டர்ன் அனுப்பும் வருடம் வரட்டும், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், திட்ட ஆவணம் ஒரு எண்ணிலும் ரிட்டர்ன் இன்னொரு எண்ணிலும் நிற்கும்.

செப் ஐ.ஆர்.ஏ. என்ற இன்னொரு வகை ஓய்வூதியக் கணக்கு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 5500 வகை ரிட்டர்ன் எதுவும் கிடையாது. அவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. விண்ணப்பிக்கும் முன்: பெயர்

தேவைப்படும் விவரங்கள் கொஞ்சம்தான். சோஷியல் செக்யூரிட்டி எண் அல்லது ஐடின் (அந்த எண் கிடைக்காதவர்களுக்கான வரி எண்), அமெரிக்காவில் உள்ள முகவரி, தொழில் தொடங்கிய மாதமும் ஆண்டும், என்ன தொழில் என்பதற்கு ஒரு வரி.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், அல்லது ஒற்றைப் பெயர்தான் இருக்கும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் இருந்து, விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதற்பெயர் தெரியாது) என்று விழுந்தவர்களை எனக்குத் தெரியும். ஓட்டுநர் உரிமத்தில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம், சோஷியல் அட்டையில் இன்னொரு விதம். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் பெயர் சோஷியல் அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும், எழுத்துக்கூட்டல் உட்பட. அது ஒத்துப்போகவில்லை என்றால் இணைய விண்ணப்பம் பாதியில் நின்றுவிடும்.

இதில் கூடுதலாக ஒன்று. ஐ.ஆர்.எஸ். கணினி ஒவ்வொரு எண்ணோடும் நான்கு எழுத்துகளைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தனித்தொழில்காரருக்கு அது கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்து. கார்த்திக் சுப்பிரமணியன் என்றால் ஆங்கிலத்தில் எஸ், யு, பி, ஆர். நீங்கள் முன்பெயரையும் பின்பெயரையும் மாற்றிப் போட்டு ஈ.ஐ.என். வாங்கிவிட்டால், பிறகு அனுப்பும் ரிட்டர்ன் அந்த எண்ணோடு பொருந்தாமல் போகலாம். அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரப்புங்கள்.

பெயரே தவறாக இருக்கிறது, திருமணத்துக்குப் பிறகு மாற்றியிருக்கிறீர்கள் என்றால், முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் மாற்றிவிட்டு அப்புறம் இதற்கு வாருங்கள்.

3. விண்ணப்பம்: உட்கார்ந்தால் பதினைந்து நிமிடம், செலவு இல்லை

ஐ.ஆர்.எஸ். தளத்தில் நேரடியாக விண்ணப்பித்தால் ஒரு காசு கூடக் கட்டணம் இல்லை. தேடுபொறியில் தேடினால் மேலே வரும் முதல் இரண்டு மூன்று தளங்கள் பெரும்பாலும் இடைத்தரகர்களுடையவை. கழுகுச் சின்னம், நீல நிறம் என்று அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கடைசிப் பக்கத்தில் கடன் அட்டை கேட்பார்கள். உங்கள் சோஷியல் எண்ணையும் அவர்களிடம் கொடுத்துவிட்டிருப்பீர்கள். முகவரி '.கவ்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். கடன் அட்டை கேட்டால் அது தவறான இடம்.

இணைய விண்ணப்பத்தைப் பாதியில் சேமித்துவைக்க முடியாது. பதினைந்து நிமிடம் கையை எடுத்துவிட்டால் எல்லாம் அழிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தொழில் வகையில் தனித்தொழில்காரர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, இப்போதுதான் தொழில் தொடங்குகிறீர்கள் என்றால் புதிய தொழில் என்பதையும், ஏற்கெனவே நடத்துகிறீர்கள் என்றால் வங்கித் தேவை என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். காகிதத்தில் விண்ணப்பிக்கும் எஸ்.எஸ்-4 படிவத்தில் 'ஓய்வூதியத் திட்டம் உருவாக்கியதால்' என்றே ஒரு காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு 55,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள லாரி வைத்திருக்கிறீர்களா, சூதாட்டத் தொழிலா, மது, புகையிலை, துப்பாக்கி விற்பீர்களா என்றெல்லாம் கேட்கும். நம் போன்றவர்களுக்கு எல்லாவற்றுக்கும் இல்லை என்பதுதான் பதில். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் ஊழியர் வைப்பீர்களா என்ற கேள்விக்கு மட்டும் யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஆம் என்றால் சம்பள வரிப் படிவங்களை எதிர்பார்க்கத் தொடங்குவார்கள்.

இணையத்தில் எண் அப்போதே வந்துவிடும். தொலைநகலில் அனுப்பினால் சுமார் நான்கு வேலைநாள், தபாலில் சுமார் நான்கு வாரம். கணக்குத் திறப்பதற்கு அன்றே அந்த எண்ணைப் பயன்படுத்தலாம். ஆனால் ஐ.ஆர்.எஸ்.-இன் நிரந்தரப் பதிவில் ஏற இரண்டு வாரம் வரை ஆகும். அதற்குள் மின்வழித் தாக்கல் எதையும் முயலாதீர்கள்.

ஒருவர் பெயரில் ஒரு நாளைக்கு ஒரு ஈ.ஐ.என். தான் கிடைக்கும். தொழிலுக்கு ஒன்று, ட்ரஸ்டுக்கு ஒன்று என்று இரண்டு தேவைப்பட்டால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஏப்ரல் 14 இரவு உட்காருபவர்களுக்கு இது பெரிய இடி. முதல் வருடத் திட்டத்தை வரித் தாக்கல் கெடுவுக்குள் தொடங்கினால் போதும் என்று இப்போது சட்டம் இடம் தருகிறது. அதை நம்பிக் கடைசி நாள் வரை இழுத்தவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

4. கடிதத்தை அந்த நிமிடமே சேமியுங்கள்

விண்ணப்பத்தின் கடைசியில், கடிதத்தை இணையத்தில் பெறுகிறீர்களா, தபாலிலா என்று கேட்கும். இணையத்தில் என்று சொல்லுங்கள். சி.பி. 575 என்ற கடிதம் பி.டி.எஃப். வடிவில் அப்போதே இறங்கும். அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் மறுபடி அங்கே போய் எடுக்க முடியாது. கணினியில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, அச்செடுத்துக் கோப்பில் ஒன்று.

கடிதத்தின் மேலே வலது ஓரத்தில், எந்தப் பெயருக்கு, எதற்கு வாங்கிய எண் என்று பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதிவையுங்கள். 'தொழில்' அல்லது 'ட்ரஸ்ட்'. அந்த ஒரு சொல்லை எழுதிவைத்திருந்தால் எனக்கு ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

கடிதம் தொலைந்துவிட்டால் பதறிப்போய்ப் புதிய எண்ணுக்கு விண்ணப்பிக்காதீர்கள். 800-829-4933 என்ற ஐ.ஆர்.எஸ். தொழில்பிரிவு எண்ணை வார நாட்களில் உங்கள் ஊர் நேரம் காலை 7 முதல் மாலை 7 வரை அழைக்கலாம். எண்ணை உறுதிசெய்யும் 147-சி கடிதம் வேண்டும் என்று கேளுங்கள். பெயர், சோஷியல் எண், முகவரி எல்லாம் சரிபார்த்துவிட்டு அனுப்புவார்கள். காலை திறந்த உடனே அழைத்தால் காத்திருப்பு குறைவு என்பது என் அனுபவம்.

தனித்தொழில்காரருக்கு ஒரே ஒரு ஈ.ஐ.என். தான், எத்தனை தொழில் நடத்தினாலும். காலையில் மொழிபெயர்ப்பு, மாலையில் கணக்கு ட்யூஷன் என்றாலும் இரண்டுக்கும் அதே எண். வீடு மாறினாலோ தொழில் பெயரை மாற்றினாலோ புதிய எண் தேவையில்லை, 8822-பி படிவத்தில் புதிய முகவரியைத் தெரிவித்தால் போதும். கார்ப்பரேஷனாக மாற்றினாலோ கூட்டாளி சேர்த்தாலோதான் புதிய எண்.

5. ட்ரஸ்டுக்குத் தனி எண்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

பெரிய புரோக்கரேஜ் (முதலீட்டுக் கணக்கு) நிறுவனங்கள் தரும் ஆயத்த சோலோ 401(கே) எடுத்தால் பெரும்பாலும் தொழிலின் ஈ.ஐ.என். ஒன்றே போதும். விண்ணப்பத்தில் அதைத்தான் கேட்பார்கள். இந்த வகைத் திட்டங்கள் பலவற்றுக்குத் தொடக்கக் கட்டணமும் வருடக் கட்டணமும் இல்லை.

வீடு, நிலம், தனியார் கடன் என்று திட்டப் பணத்தை வேறு இடங்களில் போட விரும்பி, தனி நிறுவனத்திடம் காசு கொடுத்து ஆவணம் வாங்குபவர்களுக்கு, திட்டத்தின் ட்ரஸ்ட் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டியிருக்கும். அந்தக் கணக்குக்கு ட்ரஸ்டின் சொந்த ஈ.ஐ.என். கொடுப்பதே நல்லது. அவசரத்தில் சோஷியல் எண்ணைக் கொடுத்துத் திறந்தால், அந்தக் கணக்கில் வரும் வட்டி உங்கள் சொந்த வருமானமாக ஐ.ஆர்.எஸ்.-க்குப் போகும். வரி விலக்குள்ள பணத்துக்கு வரி கேட்டுக் கடிதம் வரும், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

ட்ரஸ்ட் எண் வாங்கியவர்கள் மறக்கக்கூடாதது ஒன்றே ஒன்றுதான். அது வங்கிக்கும் திட்டத்திலிருந்து பணம் வெளியே போகும்போதும் பயன்படும். 5500-ஈஸீ படிவத்தின் 2பி கட்டத்துக்கு அது போகாது.

6. எந்த வருடம் ரிட்டர்ன் அனுப்ப வேண்டும்

திட்ட வருடத்தின் கடைசி நாளில் மொத்தச் சொத்து 2,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் அனுப்ப வேண்டும். தாண்டவில்லை என்றால் அந்த வருடம் தேவையில்லை. நாட்காட்டி ஆண்டே திட்ட ஆண்டு என்றால் டிசம்பர் 31 மதிப்பைப் பாருங்கள்.

மொத்தம் என்றால் மொத்தம். சாதாரணக் கணக்கு, ராத் கணக்கு (வரி கட்டிய பணம் போடுவது), துணைவரின் கணக்கு, ட்ரஸ்டின் வங்கிக் கணக்கு, திட்டத்திலிருந்து நீங்களே எடுத்திருக்கும் கடன் பாக்கி எல்லாம் சேர்த்து. இதே தொழிலுக்கு இன்னொரு ஒருநபர்த் திட்டம் இருந்தால் அதையும் கூட்ட வேண்டும்.

கால் மில்லியன் தொலைவில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 2025-இல் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்கு, தன் பங்கும் தொழிலின் பங்கும் சேர்த்து உச்சவரம்பு 70,000 டாலர். வருமானம் இருந்து முழுதாகப் போட்டால் நான்கு வருடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். இன்னொரு வழியும் உண்டு. முன்பு வேலைபார்த்த நிறுவனத்தின் 401(கே) பணத்தை இதற்குள் ரோல்ஓவர் செய்தால், அதாவது மாற்றிக்கொண்டால், ஒரே நாளில் தாண்டிவிடும். புதுத் திட்டம்தானே என்று அசட்டையாக இருந்துவிட்டு மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

கெடு ஜூலை 31. அதாவது திட்ட வருடம் முடிந்து ஏழாவது மாதத்தின் கடைசி நாள். ஏப்ரலில் வரி கட்டி முடித்த அசதியில் இருக்கும் நமக்கு இந்தத் தேதி நினைவுக்கே வராது. புரோக்கரேஜ் நிறுவனம் நினைவூட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். திட்டத்தின் நிர்வாகி நீங்கள்தான்.

நேரம் போதவில்லை என்றால் ஜூலை 31-க்குள் நீட்டிப்புக் கேட்கும் 5558 படிவம் அனுப்பினால் அக்டோபர் 15 வரை கிடைக்கும். உங்கள் 1040-க்கு ஏற்கெனவே அக்டோபர் வரை நீட்டிப்பு வாங்கியிருந்து, திட்ட ஆண்டும் வரி ஆண்டும் ஒன்றாக இருந்தால், தனியாக 5558 தேவையில்லை. அந்த நீட்டிப்பு விண்ணப்பத்தின் நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டு, 5500-ஈஸீ-யில் தானியங்கி நீட்டிப்புக்கான பெட்டியில் குறியிடுங்கள்.

7. படிவத்தை நிரப்புவது

இரண்டே பக்கம். பயப்பட எதுவும் இல்லை, ஆனால் சில கட்டங்களில் கை நிதானமாகப் போக வேண்டும்.

மேலே, இது முதல் ரிட்டர்னா, திருத்திய ரிட்டர்னா, கடைசி ரிட்டர்னா என்று பெட்டிகள் இருக்கும். முதல் முறை என்றால் அதில் குறியிடுங்கள்.

திட்டத்தின் பெயரை ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள். அடுத்து மூன்று இலக்கத் திட்ட எண். முதல் திட்டத்துக்கு 001. இது ஈ.ஐ.என்.-ஓடு சேர்ந்தே பயணிக்கும் எண். ஐ.ஆர்.எஸ். பார்வையில் உங்கள் திட்டம் என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

புரோக்கரேஜ் மாற்றுபவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது இங்கே. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அவர்கள் புதிய ஆவணத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதனால் புதுத் திட்டம் பிறந்துவிட்டது என்று நினைத்து 002 என்றும் புதிய தேதியையும் எழுதிவிடுவோம். நீங்கள் பழைய திட்டத்தை மூடவில்லை, அதே திட்டத்தின் ஆவணத்தைத் திருத்தி மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். எண் 001 ஆகவே இருக்கும், திட்டம் தொடங்கிய நாளும் பழைய நாளாகவே இருக்கும். புதிய நிறுவனத்தின் ஆவணத்திலும் 'இது ஏற்கெனவே உள்ள திட்டத்தின் திருத்தம்' என்ற பெட்டியைத் தேடிக் குறியிட்டு, மூலத் தொடக்க நாளை எழுதுங்கள். 002 என்று எழுதினால் 001 எங்கே போனது என்று கேட்டுக் கடிதம் வரலாம்.

2ஏ கட்டத்தில் உங்கள் பெயர். 2பி-யில் ஈ.ஐ.என். எழுதிய பிறகு ஒருமுறை கோட்டைப் பாருங்கள். ஈ.ஐ.என்.-இல் இரண்டு இலக்கத்துக்குப் பிறகு கோடு வரும், பின்னால் ஏழு. சோஷியல் எண்ணில் மூன்று, இரண்டு, நான்கு. நினைவிலிருந்து எழுதாமல் சி.பி. 575 கடிதத்தைப் பார்த்து எழுதுங்கள். ஷெட்யூல் சி-யின் 'டி' கட்டத்திலும் இதே எண் இருக்க வேண்டும்.

திட்ட நிர்வாகி கட்டத்தில், தொழிலும் நிர்வாகியும் ஒருவரே என்பதால் 'அதே' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுதினால் போதும். நிர்வாகிக்கென்று இன்னொரு ஈ.ஐ.என். வாங்க வேண்டாம்.

4-ஆம் கட்டம், கடந்த ரிட்டர்னுக்குப் பிறகு தொழிலின் பெயரோ ஈ.ஐ.என்.-ஓ மாறியிருந்தால் பழையதை எழுதுவதற்கு. சட்டப்படி உண்மையாகவே எண் மாறியவர்கள் இதை விட்டுவிட்டால், பழைய எண்ணில் ரிட்டர்ன் காணோம் என்று தேடுவார்கள். என்னைப் போல் தவறான எண்ணை எழுதி அனுப்பியவர்களுக்கு இது தீர்வல்ல. எண் மாறவில்லையே, எழுதியதுதான் பிழை. அதற்குத் திருத்திய ரிட்டர்ன் அனுப்ப வேண்டும்.

சொத்து மதிப்பு கட்டத்தில் வருடத் தொடக்க மதிப்பும் இறுதி மதிப்பும் முழு டாலரில். தொடக்க மதிப்பு சென்ற வருட இறுதி மதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கீழே அந்த வருடம் போட்ட பணத்தை, தொழிலின் பங்கு, உங்கள் பங்கு, ரோல்ஓவர் என்று பிரித்துக் கேட்பார்கள்.

திட்டத்தின் இயல்பைச் சொல்லும் குறியீடுகளை அறிவுறுத்தலில் உள்ள பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். சாதாரணமாக ஒரு தனித்தொழில்காரரின் ஆயத்த சோலோ 401(கே)-வுக்கு 2ஈ, 2ஜே, 3பி, 3டி வரும். முறையே லாபப் பகிர்வு, 401(கே), சுயதொழில் செய்பவருக்கானது, முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற ஆவணம்.

கையெழுத்து இல்லாத ரிட்டர்ன், ரிட்டர்னே இல்லை. தேதியும் போடுங்கள்.

8. அனுப்புவது

இரண்டு வழி. ஒன்று தொழிலாளர் துறை நடத்தும் ஈஃபாஸ்ட்2 தளம். கட்டணம் இல்லை. லாகின்.கவ் கணக்கு வழியாகத்தான் உள்ளே போக முடியும். அதைத் திறந்து, நிரப்புபவர், கையெழுத்திடுபவர் என்ற இரண்டு பொறுப்புகளையும் எடுத்துக்கொள்ள ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள், ஜூலை 31 அன்று அல்ல. அனுப்பிய பிறகு நிலை 'பெறப்பட்டது' என்று மாறுகிறதா என்று மறுநாள் பாருங்கள். 'பிழை' அல்லது 'நிறுத்தப்பட்டது' என்று காட்டினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். பெறப்பட்டது என்ற பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

இன்னொன்று, காகிதத்தில் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகருக்கு. சான்றிதழ் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான அட்டையோடு அனுப்புங்கள். பத்து டாலரை ஒட்டிச் செலவாகும். அந்த ரசீது இல்லாமல் நான் ஒரு காலும் அனுப்ப மாட்டேன். 2024 திட்ட ஆண்டிலிருந்து, ஒரு வருடத்தில் எல்லா வகையும் சேர்த்துப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ரிட்டர்ன்கள் அனுப்புபவர்கள் 5500-ஈஸீ-யைக் கட்டாயம் மின்வழியில்தான் அனுப்ப வேண்டும். உதவிக்கு ஆள் வைத்து எட்டுப் பேருக்கு 1099 கொடுக்கிறீர்கள் என்றால் உங்கள் 1040-ஐயும் இதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

9. தவறிவிட்டால்

தாமதத்துக்கான அபராதம் நாளொன்றுக்கு 250 டாலர், ஒரு திட்ட ஆண்டுக்கு 1,50,000 வரை. இரண்டு மாதம் தாமதித்தாலே பதினைந்தாயிரம். இந்தத் தொகையைப் பார்த்துவிட்டுப் படுக்கையில் புரண்டுகொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வழி இருக்கிறது.

ஐ.ஆர்.எஸ்.-இன் தாமதத் தாக்கல் நிவாரணத் திட்டத்தில், விட்டுப்போன ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் 500 டாலர், ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 1,500 டாலர். ஏழு வருடம் விட்டுப்போயிருந்தாலும் 1,500 தான். அந்தந்த ஆண்டுக்கான படிவத்தைக் காகிதத்தில் நிரப்பி, இந்த நிவாரணத்துக்கான முகப்புத் தாளான 14704 படிவத்தை மேலே வைத்து, காசோலையோடு அனுப்ப வேண்டும். மின்வழியில் முடியாது. ஆனால் அபராதம் விதித்து சி.பி. 283 என்ற கடிதம் வந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அதனால் விட்டுப்போனது தெரிந்த வாரமே செய்யுங்கள்.

என் வழக்கு போல அனுப்பியும் எண் தவறாகிவிட்டால்: திருத்திய ரிட்டர்ன் பெட்டியில் குறியிட்டுச் சரியான எண்ணோடு புதிதாக ஒன்றை அனுப்புங்கள். வந்த கடிதத்துக்கு, அதில் கொடுத்த தேதிக்குள், ஒரு பக்கப் பதில் எழுதுங்கள். எந்த நாளில் அனுப்பினேன், எந்த எண்ணை எழுத வேண்டியது எந்த எண்ணை எழுதிவிட்டேன், திருத்தியது இதோ, அவ்வளவுதான். முதல் ரிட்டர்னின் நகல், தபால் ரசீது, இரண்டு சி.பி. 575 கடிதங்கள் நான்கையும் இணைத்தேன். கதை எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். கிடப்பில் இருக்கிறதோ என்று இரண்டு முறை தொலைபேசியில் கேட்டேன், பேசியவரின் அடையாள எண்ணையும் தேதியையும் குறித்துவைத்தேன். கடைசியில் 'விஷயம் முடிந்தது' என்று ஒரு பத்தியில் கடிதம் வந்தது.

10. திட்டத்தை மூடும்போது

முழுநேர வேலைக்குத் திரும்புகிறீர்கள், சோலோ 401(கே)-வை ஐ.ஆர்.ஏ.வுக்கு (தனிநபர் ஓய்வூதியக் கணக்குக்கு) மாற்றி மூடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் வெறும் 40,000 டாலர்தான் இருந்தது, இதுவரை ஒரு ரிட்டர்னும் அனுப்பவேண்டி வரவில்லை. இப்போது அனுப்ப வேண்டும். கடைசி வருடத்துக்கு 2,50,000 என்ற வரம்பு கிடையாது. தொகை எதுவாக இருந்தாலும் கடைசி ரிட்டர்ன் கட்டாயம்.

கெடுவும் மாறும். பணம் முழுதும் வெளியேறிய நாளோடு திட்ட ஆண்டு முடிந்துவிடுகிறது. மார்ச் 20 அன்று காலியானால் கெடு அக்டோபர் 31, அடுத்த வருடம் ஜூலை அல்ல. கடைசி ரிட்டர்ன் பெட்டியிலும் குறுகிய ஆண்டு பெட்டியிலும் குறியிட்டு, இறுதி மதிப்பு பூஜ்யம் என்று எழுதுங்கள். பிறகு பத்துப் பைசா ஈவுத்தொகை வந்து கணக்கில் விழுந்தால் பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது. ஆகையால் மாற்றிய பிறகு ஒரு மாதம் கவனித்து, மிச்சத்தையும் அனுப்பச் சொல்லிவிட்டு நிரப்புங்கள்.

ஈ.ஐ.என்.-ஐ ரத்து செய்ய முடியாது, வேறு யாருக்கும் தரவும் மாட்டார்கள். இனித் தேவையே இல்லை என்றால் கணக்கை மூடச் சொல்லி ஐ.ஆர்.எஸ்.-க்குக் காரணத்தோடு கடிதம் எழுதலாம், சி.பி. 575 நகலை இணைத்து. நாளைக்கே மறுபடி சொந்தத் தொழில் தொடங்க வாய்ப்பு உண்டு என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், அதே எண்ணை எடுத்துக்கொள்ளலாம். திட்டம் மூடிய பிறகு புதிதாக 401(கே) தொடங்கினால் மட்டும் திட்ட எண் 002. இந்த முறை அது உண்மையிலேயே புதுத் திட்டம்.